இவர் விவசாயி

1

கடைக்குள் ஃபோர்க்லிஃப்ட் வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். நான் குனிந்து அதன் ரயரைப் பார்ப்பேன். போன கிழமையும் அப்படித்தான். மெல்பேர்னுக்குப் பக்கத்தில் வெரிபீயில் பலகையும் ஆணியும் பெயின்ரும் விற்கிற பெரிய கடையொன்றில் நடுவழியில் குனிந்து நின்றேன். ஓட்டிவந்த பெடியன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டான். இல்லை என்று சிரித்துவிட்டு விலகினேன். ரயரின் பக்கவாட்டில் இலங்கையில் செய்தது என்று பொறித்திருந்தது.

அதே மாதிரி ரயரை ஒரு வருடத்துக்கு முன்வரை மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் என் கணவர் செய்துகொண்டிருந்தார். காற்று அடிக்கிற ரயர் இல்லை, உள்ளே முழுக்க இறப்பர். அச்சில் போட்டு, சூடாக்கி, அழுத்தி எடுப்பார்கள். வேலை முடிந்து வந்தால் இவர் கழற்றிப்போடுகிற சட்டையில் மட்டுமில்லை, குடிக்கிற தேத்தண்ணியிலும் அந்த மணம் இருக்கும். தொழிற்சாலை மூடி இந்த மாதத்தோடு ஒரு வருடம். அதே ரயர் இலங்கையிலிருந்து மலிவாக வந்து இறங்குகிறது, இங்கே செய்து கட்டுபடியாகாது என்று மூடினார்கள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் படகில் வந்த ஆட்கள். அவுஸ்திரேலியா என்றதும் வீடு, கார், பாஸ்போர்ட் என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்களிடம் இருப்பது சில மாதத்துக்கொரு தடவை புதுப்பிக்கிற தற்காலிக விசா. வழக்கு நிராகரிக்கப்பட்டு, கடைசியாக அமைச்சரின் இரக்கத்துக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். ஆகவே பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். இவருடைய தொழிலைக்கூட மாற்றித்தான் எழுதுகிறேன். கீழே மெக்கானிக் என்று வருகிற இடத்தில் உண்மையில் வேறொரு தொழில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ரயரும் ரயர்தானா என்று கேட்காதீர்கள். மகளின் பெயர் அபி இல்லை. நான் கோபக்காரி என்பதும் பயந்தவள் என்பதும் மட்டும் அப்படியே உண்மை.

2

மூடப்போகிற செய்தி வந்த அன்று இவருடைய கார் வீட்டு வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆள் உள்ளே வரவில்லை. நான் கையில் அகப்பையோடு வெளியே போனேன். இவர் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"என்னப்பா, இறங்குற எண்ணமில்லையோ?"

"மூடப்போறாங்கள்," என்றார்.

"எதை?"

"ஃபக்ரரியை. சிலோன்ல இருந்து வருதாம், மலிவாம். எங்கட ஆக்கள்தான் அங்க செய்யினமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் சிலருக்கு அழுகை வரும், எனக்குச் சிரிப்பு வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், செல் விழுந்து வெடிக்கிற நேரத்திலும் சிரித்து அடி வாங்கியிருக்கிறேன்.

ரோனி என்று இவரோடு பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்கிற மனிதர், மால்ராத் தீவில் பிறந்தவர், சாப்பாட்டு அறையில் இவருடைய முதுகில் தட்டி, "உன் வேலை உன் நாட்டுக்குப் போகிறது, நீயும் கூடவே போய்விடேன்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம். அதன் பிறகு கொண்டுபோன புட்டை இவர் தொடவே இல்லை. டப்பாவைத் திறந்து பார்த்தேன், கட்டிக்கொடுத்தபடியே இருந்தது.

ரோனி கெட்டவர் இல்லை. அவருக்கும்தான் வேலை போகிறது. ஆனால் எந்தச் சொல்லைக் கேட்கக்கூடாது என்று இத்தனை வருடமாகக் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறோமோ, அந்தச் சொல்லை ஒரு மனிதர் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். திரும்பிப் போ. வேலை போகலாம், அதைச் செய்கிற நாங்கள் மட்டும் போகமுடியாது. போனால் விமான நிலையத்திலேயே யாராவது காத்திருப்பார்கள்.

வேலை போவது எல்லோருக்கும் கஷ்டம்தான். மற்றவர்களுக்கு அரசாங்கம் இரண்டு கிழமைக்கொரு தடவை கொடுக்கிற வேலையில்லாக் காசு எங்கள் விசாவுக்குக் கிடையாது. நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அரைநேர வேலை, அதில் வாடகைகூட முழுசாகாது. எல்லாவற்றிலும் பெரிய பயம் வேறு. அமைச்சருக்கு எழுதின விண்ணப்பத்தில் எங்கள் சட்டத்தரணி மேலே எடுத்துப் போட்டிருந்த விசயம், இவர் இந்த நாட்டில் ஒருநாளும் வேலையில்லாமல் இருந்ததில்லை என்பது. அந்த வசனம் பொய்யாகிவிடக் கூடாது. இவருக்கு உடனே வேறு வேலை வேண்டும்.

3

வேலை எடுக்க இவரிடம் என்ன இருக்கிறது? தங்கமான தொழில் ஒன்று இருக்கிறது. அதை வெளியே சொல்ல முடியாது.

கலியாணம் கட்டி நான் போனது இவருடைய கராச்சுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டுக்கு. லொறி, உழவு இயந்திரம், தண்ணீர் இறைக்கிற மெஷின் எல்லாம் திருத்த வரும். சீனியும் சவர்க்காரமும் சேர்த்து உரஞ்சினால்தான் கையில் கிறீஸ் போகும் என்று சங்கக்கடையில் சீனிக்கு வரிசையில் நின்ற காலத்திலும் சீனி கேட்ட மனிதர். நான் கொடுத்ததில்லை, சாம்பலைப் போட்டு உரஞ்சுங்கோ என்று விடுவேன்.

அப்போது எங்கள் பகுதி யார் கையில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். இலக்கத்தகடு இல்லாத வாகனங்களும் வரும். கொண்டுவருகிறவர்கள் கதிரை போட்டாலும் இருக்கமாட்டார்கள். இவர் வாகனத்துக்குக் கீழே படுத்திருப்பார், அவர்களுடைய கால்கள் பக்கத்திலேயே நிற்கும். முடியாது என்று சொன்ன மெக்கானிக் எவரையும் எனக்குத் தெரியாது. சொல்லக்கூடிய காலமும் இல்லை அது.

போர் முடிந்த பிறகு மற்றப் பக்கத்தார் வந்தார்கள். அந்த வாகனங்களை யார் யார் திருத்தினது என்று கேட்டார்கள். அடுத்த ஊரில் கராச் வைத்திருந்தவரை ஒரு சின்ன விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய மனைவி இன்றைக்கும் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு காணாமல் போனவர்களின் சொந்தங்கள் போராடுகிற தெருவோரக் கொட்டகையில் இருக்கிறா. அந்தக் கிழமையே நாங்கள் கராச்சைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டோம். அபி நடக்கப் பழகியிருந்த நேரம்.

உண்மையில் எங்கள் வழக்கு இதுதான். இதைச் சொல்லியிருந்தால் கேட்கிறவனுக்கு விளங்கியிருக்கும். ஆனால் தடுப்பு முகாமில் எங்களுக்கு முதலே வந்திருந்த ஒரு பெடியன் இருந்தான். எல்லாம் தெரிந்தவன். அங்கே எல்லா முகாமிலும் அப்படி ஒருத்தன் இருப்பான். இவரை வேலியோரம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான்.

"அண்ணை, வாகனம் திருத்தினனான் எண்டு மட்டும் வாய் திறந்திடாதேங்கோ. இயக்கத்துக்கு வேலை செய்த ஆள் எண்டு பாதுகாப்பு விசாரணையில விழுத்திப்போடுவாங்கள். பிறகு வெளியிலயே வரேலாது. விவசாயம் எண்டு சொல்லுங்கோ. விவசாயிக்கு ஆரும் ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

அவன் சொன்னது ஒருவிதத்தில் சரியாகத்தான் போனது. விவசாயி ஒருவருக்கு ஊரில் ஆபத்து இல்லை என்று சொல்லி எங்களை நிராகரித்தார்கள். அந்தப் பெடியனுக்கு இப்போது நிரந்தர விசா இருக்கிறது. அவன் தன் விசாரணையில் என்ன சொன்னான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவனை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்க வரும்.

இப்போது உண்மையைச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் இத்தனை வருடம் பொய் சொன்னவன் என்று ஆகிவிடும். பொய்யன் சொல்கிற உண்மையை யார் நம்புவார்? சட்டத்தரணிப் பெண் ஒரு தடவை இவருடைய முகத்தை நேரே பார்த்து, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். நானும் இல்லை என்றுதான் தலையாட்டினேன்.

4

வெளிநாட்டுச் சாமானால் வேலை இழக்கிறவர்களுக்கென்று இங்கே அரசாங்கம் ஒரு உதவித் திட்டம் வைத்திருக்கிறது. தொழிற்சாலை மூடுவதற்கு முன்பே ஆட்கள் வந்து அதற்குள்ளேயே ஒரு அறையைப் பிடித்து, கோப்பி இயந்திரமும் வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். புதுத் தொழில் பழக வகுப்பு, லைசென்ஸ், முதலாளிமாரோடு அறிமுகம், மனம் சோர்ந்தவர்களுக்கு ஆறுதல் எல்லாம் உண்டு. கையில் தொழில் இருந்து சான்றிதழ் இல்லாதவர்களைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்து, சான்றிதழும் எடுத்துக் கொடுப்பார்களாம். நிரந்தர விசா கட்டாயமில்லை, வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும் என்றும் சொன்னார்கள்.

நல்ல மனிதர்கள், நல்ல திட்டம். நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊரில் அரசாங்கம் ஆள் அனுப்பினால் பின்வேலியால் ஓடிப் பழகியவர்கள் நாங்கள். இங்கேயும் அவர்கள் பாவித்த சொற்கள் எல்லாம் முகாமில் கேட்ட சொற்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கேஸ் மனேஜர். முதலில் ஒரு இன்ரவியூ. வேண்டுமென்றால் இன்ரப்ரிற்றர். இவருக்கு அந்த அறையின் கதவைப் பார்த்தாலே வேர்த்தது. சாப்பாட்டு அறைக்கு அந்தக் கதவைத் தாண்டாமல் போக, வெளியால் சுற்றி மழையில் நனைந்துகொண்டு போனாராம்.

ஜூடி என்பது இவருக்கு வந்த கேஸ் மனேஜரின் பெயர். என் வயது இருக்கும். இவர் வராததைப் பார்த்து அவளே இயந்திரத்தடிக்குத் தேடி வந்துவிட்டாள். வந்த இடத்தில் ரோனி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இந்த ஆள் மெக்கானிக், என்னுடைய காரின் கியர்பொக்ஸைக் கார் பார்க்கில் வைத்தே கழற்றிப் பூட்டித் தந்தவன், இவனை விடாதே என்று சொல்லிவிட்டார். அவருக்கு அது உதவி.

ஜூடி இவரிடம், எங்கே பழகினாய் என்று கேட்டிருக்கிறாள்.

"யூரியூப்பில" என்றாராம் இவர்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. "யூரியூப்பில பாத்தோ கியர்பொக்ஸ் கழட்டினனீங்கள்? கேக்கிறவள் கேணைச்சியோ?"

"அப்ப என்னத்தைச் சொல்லச் சொல்லுறீர்?"

நான் வெங்காயம் வெட்டப் போய்விட்டேன்.

5

கடைசி மாதத்தில் குடும்பத்தோடு வரச்சொல்லி ஒரு நாள் வைத்தார்கள். கார் பார்க்கில் தகரப்பந்தல், சொசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை. நாங்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற நாள். அபி எங்களைப் பார்த்துக்கொண்டே ஒன்றை எடுத்துப் பாணுக்குள் வைத்துக் கடித்தாள். அப்போது பதினோராம் வகுப்பு, எங்களோடு வெளியே வருவதே பெரிய உபகாரம் என்கிற மாதிரி வருவாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். எங்களைப் பற்றி அவளுக்கு வெட்கம் இல்லை என்று சொல்வாள். கேட்காமலே சொல்வாள்.

அறைக்குள் ஜூடி எங்களை இருத்தி, ரெலிபோனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவா என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். மெல்பேர்னில் தமிழருக்குத் தமிழர் எப்படியும் சுற்றிவளைத்துச் சொந்தம். இன்றைக்குப் போனில் மொழிபெயர்க்கிறவரை நாளைக்குக் கோயிலில் பொங்கல் வாங்குகிற வரிசையில் காண்போம். மகள் இருக்கிறாள், அவள் சொல்வாள் என்றேன். அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

ஜூடி சந்தோசமாக இருந்தாள். பஸ் திருத்துகிற ஒரு பெரிய பட்டறையில் ஆள் தேடுகிறார்களாம். ஒருநாள் போய் வேலை செய்துகாட்டினால் போதும், சான்றிதழுக்கான செலவைத் திட்டம் பார்த்துக்கொள்ளும். இவருடைய முகத்தைப் பார்த்தேன். முகாமுக்குப் பிறகு அந்த முகத்தில் நான் காணாத ஒன்று வந்து போனது. பசிக்கிறவன் சோற்று மணத்தை முகர்ந்த மாதிரி. உடனே அதை உள்ளே தள்ளிவிட்டார்.

"இந்த வேலையை எவ்வளவு காலம் செய்திருக்கிறீர்கள், எங்கே?" என்று ஜூடி கேட்டாள். "ஆரம்பத்திலிருந்து உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

இவர் ஜூடியின் பேனையைப் பார்த்தார். அபி சலித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். "அப்பாவுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியாது," என்று அழகான ஆங்கிலத்தில் தொடங்கினாள். "அவருக்கு ஸ்ரீலங்காவில் சொந்தமாக கராச் இருந்தது. லொறி, ட்ராக்டர் எல்லாம் திருத்தினவர். லண்டனில் இருக்கிற பெரியப்பா எனக்குப் படம் அனுப்பினவர். அப்பா செம கூல்."

அவள் அப்பாவைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். எனக்குக் காது இரண்டும் அடைத்துவிட்டன.

ஜூடி புன்சிரிப்போடு எழுதத் தொடங்கினாள். அப்போது இவர் வாயைத் திறந்தார். கைகள் இரண்டையும் தொடைமேல் வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். "என் பெயர் இன்னார். நான் இன்ன ஆண்டு இன்ன ஊரில் பிறந்தேன். என் தகப்பன் விவசாயி. நானும் விவசாயி. நாங்கள் நெல் விதைத்தோம். எனக்கு எந்த இயக்கத்தோடும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. நான் இன்ன படகில் வந்தேன்." படகுக்குக் கொடுத்திருந்த இலக்கத்தையும் சொன்னார். விசாரணைக்கு விசாரணை ஒரு சொல்கூடப் பிசகக்கூடாது என்று முகாமில் இரவுபகலாகப் பாடமாக்கின வாக்குமூலம் அது. பட்டறை வேலையை எவ்வளவு காலம் செய்தாய் என்று கேட்ட மனுசியிடம் இவர் தன்னுடைய அகதி வழக்கு முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தவும் இவருக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் பிறகு எங்கே விட்டோம் என்று பிசகிவிடும்.

ஜூடி பேனையைக் கீழே வைத்துவிட்டாள். அபி இவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுடைய கையில் மிச்சப் பாண் இருந்தது.

முடிந்ததும், "நன்றி," என்றாள் ஜூடி மெதுவாக. கண் கலங்கியிருந்தது. ரிஷூப் பெட்டியை இவர் பக்கம் தள்ளினாள். "அப்படியென்றால், விவசாயம்."

"ஓம்," என்றார் இவர் தமிழில்.

6

வரும் வழியில் அபி கத்தினாள். ஏன் பொய் சொன்னீர்கள், நல்ல வேலையைக் கெடுத்துப்போட்டீர்கள், அந்தப் பெண் என்னைப் பொய்க்காரி என்று நினைத்திருப்பாள், எனக்கு எவ்வளவு வெட்கம் தெரியுமா என்று முழுவதும் ஆங்கிலத்தில். இவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். கடைத்தெருக் கார் பார்க்கில் நிறுத்தச் சொன்னேன்.

"சொல்லவேண்டாம், சின்னப்பிள்ளை," என்றார் இவர்.

"சொல்லாததாலதானே உது நடந்தது. பேசாமல் இருங்கோ நீங்கள்."

நான்தான் சொன்னேன். கராச், இலக்கத்தகடு இல்லாத வாகனங்கள், அடுத்த ஊர்க்காரர், முகாமில் அந்தப் பெடியன், எல்லாம். சொல்லச் சொல்ல அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். இவ்வளவு காலமும் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் இருந்த பயத்தை ஒரு பிள்ளையின் தலையில் கட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. வேறு வழியும் தெரியவில்லை.

கடைசியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பதினெட்டு ஆனால் என்னையும் தனிய இன்ரவியூ வைப்பாங்களா?"

"வைக்கலாம்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஏசிப் பார்த்தேன், அதற்கும் திரும்பவில்லை.

அடுத்த கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாக ஜூடியிடம் போனேன். என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன்: நாங்கள் இங்கே சொல்வது குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகுமா?

"நாங்கள் வேறு, அவர்கள் வேறு. நாங்களாகக் கொடுப்பதில்லை," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "சட்டப்படி கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அதை மறைத்து உங்களுக்கு நான் உறுதி தரக்கூடாது," என்றாள்.

பொய்யாகவாவது ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். 

"மகள் சொன்னது?"

ஜூடி பேனையை மூடி வைத்தாள். "உங்கள் கணவர் தன்னைப் பற்றி என்ன சொன்னாரோ அதைத்தான் நான் எழுதினேன். பிள்ளைகள் அப்பாவைப் பற்றிப் பெரிதாகத்தான் சொல்வார்கள்," என்றாள்.

அவளுக்கு விளங்கிவிட்டதா, விளங்காமல் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. விளங்கிய ஒருத்தி இந்த நகரத்தில் இருக்கிறாள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு பல நாள், தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டேன்.

7

தொழிற்சாலை மூடி அதிக நாள் போகவில்லை. வேலை தேடித் தருகிறேன் என்று சொன்ன சொல்லை ஜூடி காப்பாற்றினாள். வெரிபீ சவுத்தில், கடலுக்குக் கிட்ட, கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் முட்டைக்கோவாவும் பூக்கோவாவும் போடுகிற தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு தோட்டக்காரரைப் பிடித்து, இவர் பிறவி விவசாயி என்று எடுத்துச் சொல்லி, சம்பளத்தில் ஒரு பங்கைத் திட்டத்திலிருந்து கொடுக்கவும் ஒழுங்கு செய்துவிட்டாள். போனில் அவளுடைய குரலில் அவ்வளவு சந்தோசம். மண்ணோடு மறுபடி சேரப்போகிறீர்கள் என்றாள்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வேலை வேண்டாம் என்றால் அமைச்சருக்கு எழுதின வசனம் பொய்யாகும். விவசாயம் தெரியாது என்றால் வாக்குமூலமே பொய்யாகும். இவர் சப்பாத்து வாங்கினார், போனார்.

வாழ்க்கையில் மண்வெட்டி பிடித்தறியாத மனிதர். கராச்சுக்குப் பின்னால் நான் போட்ட நாலு மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் என்ஜின் ஒயில் வாளியால் ஊற்றிச் சாகடித்தவர். முதல் கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து விறாந்தைத் தரையில் படுத்தார். பூக்கோவா வெள்ளையாக இருக்க அதன் இலைகளையே மடித்து மேலே மூடவேண்டுமாம். இவர் மூடினது காற்றுக்குத் திறந்து, ஒரு வரிசை முழுக்க வெயிலில் மஞ்சளாகிவிட்டது. ஊரில் என்ன பயிர் செய்தாய் என்று தோட்டக்காரர் கேட்டிருக்கிறார். நெல் என்றாராம். நல்லவேளை, அந்த மனிதருக்கு நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இப்போது பழகிவிட்டார். தோட்டத்திலிருந்து நல்லதாக ஒரு கடிதமும் வந்து, சட்டத்தரணி அதை அமைச்சருக்கான விண்ணப்பத்தோடு சேர்த்துவிட்டாள். விவசாயியாக இருந்த மனிதர் இங்கும் விவசாயம் செய்கிறார், எல்லாம் பொருந்தி வருகிறது என்றாள். பஸ் பட்டறையில் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். சில சனிக்கிழமைகளில் இவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு இருப்பார். கிறீஸ் இல்லாத கை. மண்தான், தண்ணீரிலேயே போய்விடுகிறது.

ரயரைக் குனிந்து பார்த்த அந்தக் கடைக்குப் போய்வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். பக்கத்து வீட்டுப் பெண் எமா கைக்குழந்தையைக் காரில் வைத்துக்கொண்டு ஸ்ரார்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தாள். கார் முனகியது, எடுபடவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், டொக்டரிடம் போகவேண்டும் என்று அவசரப்பட்டாள். நாங்கள் மூன்று பேரும் வாசலில்தான் நின்றோம். முனகல் சத்தத்தைக் கேட்டவுடனேயே இவருக்கு விளங்கிவிட்டது, எனக்குத் தெரியும். தன்னை அறியாமல் இரண்டு அடி முன்னால் வைத்தார்.

எமா நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குக் காரைப் பற்றி ஏதாவது தெரியுமா?"

இவர் நின்றார். நான் வாயைத் திறக்குமுன் அபி எங்கள் இருவருக்கும் முன்னால் போய் நின்றாள்.

"சொறி, எமா. அப்பாவுக்குக் காரைப் பற்றி ஒன்றுமே தெரியாது," என்றாள் ஆங்கிலத்தில், சிரித்தபடி, ஒரு இடத்திலும் தடக்காமல். "அவர் விவசாயி. எப்போதுமே விவசாயிதான். நான் உங்களுக்கு ஒரு ராக்ஸி கூப்பிடுகிறேன்." சொல்லிக்கொண்டே போனில் கூப்பிட்டும் விட்டாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, எத்தனையோ மாதமாக வீட்டில் நான் கேட்காத தமிழில், "அப்பா, உள்ளுக்கு வாங்கோ," என்றாள்.

இவர் போனார். ராக்ஸி வரும்வரை எமா வெயிலில் குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

குசினியில் அபி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  நான் கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்தாள்.

"சரியாச் சொன்னனானோ, அம்மா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன். "சரியாத்தான் சொன்னனி."